சியோலில் பல்கலைக்கழகத்துக்கு அருகே குடும்பத்தோடு வீடு: முன்பணம் குறித்து ஆலோசனை தேவை

வடபழனி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆசிரியராகச் சேர இருக்கிறேன். மனைவியும் நான்கு வயது மகளும் என்னோடு வருகிறார்கள். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கான குடியிருப்பில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்றும், அதுவரை குறுகிய காலத்துக்கு விருந்தினர் விடுதியில் ஓர் அறை தர இயலும் என்றும் துறை அலுவலகத்தில் தெரிவித்திருக்கிறார்கள்.

இதற்கிடையே போங்சோன் பகுதியில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டின் படங்களை ஒரு தரகர் அனுப்பியுள்ளார். முன்பணம் 2 கோடி வோன், மாத வாடகை 8 லட்சம் வோன் என்கிறார். முன்பணத்தை 5 கோடி வோனாக உயர்த்தினால் வாடகையை 6.5 லட்சமாகக் குறைக்க உரிமையாளர் இசைவாராம். நம் பணத்தில் 2 கோடி வோன் என்பது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். சேமிப்போடு சிறிது கடனும் வாங்கினால் 5 கோடி வோனையும் திரட்டிவிடலாம். பிப்ரவரியில் நல்ல வீடுகள் எல்லாம் போய்விடும், ஆகவே பத்து விழுக்காட்டை இப்போதே அனுப்பி ஒப்பந்தத்தை உறுதி செய்துகொள்ளுங்கள் என்று தரகர் வற்புறுத்துகிறார். அனுப்பலாமா? இரண்டில் எந்த ஏற்பாடு நல்லது? அங்கே வாழ்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நக்சோங்தே குடியிருப்பாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. வாடகை, வசதி, தொலைவு ஆகியவற்றை எல்லாம் பிறகு பார்க்கலாம். கொரியாவில் வீடு தேடும் வெளிநாட்டு ஆசிரியர் முதலில் காக்க வேண்டியது முன்பணத்தை. மாத வாடகை அதிகமாகிவிட்டால் ஓராண்டுக்குச் சிரமப்படுவீர்கள். முன்பணம் திரும்பாவிட்டால் பல ஆண்டுச் சேமிப்பு போய்விடும். 2022, 2023 ஆண்டுகளில் இஞ்சோன் நகரின் மிச்சுஹோல் பகுதியிலும் வேறு பல இடங்களிலும் ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்கள் முன்பணத்தை இழந்தன. அவர்களைக் காப்பதற்கென்றே 2023 ஜூனில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மொழியும் நடைமுறையும் தெரிந்த கொரியர்களே என்பதை மறந்துவிட வேண்டாம்.

இங்கே வாடகை முறை இரண்டு வகைப்படும். மாத வாடகையே இல்லாமல், வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்து, காலக்கெடு முடிந்ததும் முழுவதையும் திரும்பப் பெறுவது ஜோன்சே. ஓரளவு முன்பணமும் மாத வாடகையும் சேர்ந்தது வோல்சே. உங்களுக்கு வந்திருப்பது வோல்சே. முன்பணத்தில் 1 கோடி வோன் கூடினால் வாடகையில் 50 ஆயிரம் குறைவது வழக்கமான கணக்கு, ஆகவே தரகர் சொன்ன இரண்டு தொகைகளும் முறையானவைதாம். கொடுத்த பணம் எந்த நிலையில் நிற்கும் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

அந்த வீட்டின் முழு முகவரியைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழுக்கு இணையான பதிவேட்டு நகலை நீதித்துறையின் இணையப் பதிவகத்தில் 700 வோன் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. அதன் முதல் பகுதியில் கட்டடத்தின் விவரமும், 'கப்கு' என்னும் பகுதியில் உரிமையாளரின் பெயரும், 'உல்கு' என்னும் பகுதியில் அடமானங்களும் இருக்கும். முதல் இரண்டை மட்டும் காட்டிவிட்டு மூன்றாவதைத் தவிர்க்கும் தரகர்கள் உண்டு. உரிமையாளர் என்ற இடத்தில், சொத்தைத் தன் பெயரில் ஒப்படைப்பாக வைத்திருக்கும் ஒரு 'டிரஸ்ட்' நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பழைய உரிமையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது. அத்தகைய வீட்டை விட்டு விலகிவிடுவதே நல்லது. இவற்றைப் பார்க்கும் வரை ஒரு வோன்கூட அனுப்பாதீர்கள்.

பூசான் ஆசிரியர் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஊரில் இருந்தபடி ஒப்பந்தமே செய்யக் கூடாது என்று கொள்ள வேண்டாம். இங்கே பாடப்பருவம் மார்ச் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பிறக்கிறது. சனவரி, பிப்ரவரியில் பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள ஒற்றை அறைகளும் சிறு வீடுகளும் மிக விரைவாகக் கைமாறும் என்று தரகர் சொல்வது உண்மை. துறையில் நம்பகமான ஒருவர் நேரில் சென்று வீட்டைப் பார்த்து, உரிமையாளரின் அடையாள அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பணம் பதிவேட்டில் உள்ள அதே பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது என்று உறுதி செய்தால் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்வதில் தவறில்லை. பூசான் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு அருகே சாங்ஜோன் பகுதியில் நான் குடியேறியது அப்படித்தான். குழந்தையோடு வந்திறங்கி, வகுப்பும் எடுத்துக்கொண்டு, மாலை நேரங்களில் வீடு தேடுவது எளிதன்று.

நக்சோங்தே குடியிருப்பாளர் எழுதியது:

நண்பர் சொல்லும் சிரமம் உண்மைதான். ஆனாலும் விருந்தினர் விடுதி கிடைக்கும் நிலையில் நான் அதையே வலியுறுத்துவேன். அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு.

1981ஆம் ஆண்டின் வீட்டு வாடகைப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டவருக்கும் பயன் தருகிறது. ஆனால் வெறும் ஒப்பந்தத்தால் அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. வீட்டில் குடியேற வேண்டும், முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத்தின் மீது 'ஹ்வாக்ஜோங் இல்ச்சா' எனப்படும் தேதி முத்திரையைப் பெற வேண்டும். குடிமக்கள் செய்யும் முகவரிப் பதிவுக்கு ஈடாக, வெளிநாட்டவருக்கு அவர்களுடைய அந்நியர் பதிவும் முகவரி மாற்ற அறிவிப்பும் அமைகின்றன. அந்நியர் பதிவு அட்டை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அட்டை இல்லாமல் நேரடியாகப் புது வீட்டில் குடியேறினால், பணம் கொடுத்த நாளுக்கும் பதிவு முடியும் நாளுக்கும் இடையே பாதுகாப்பில்லாத ஓர் இடைவெளி உண்டாகிறது. விடுதி முகவரியிலேயே அட்டையைப் பெற்றுக்கொண்டு பிறகு வீடு மாறினால், மீதிப் பணம் கொடுக்கும் அன்றே வட்டார சமூக மையத்துக்குச் சென்று முகவரி மாற்றத்தையும் தேதி முத்திரையையும் ஒன்றாக முடித்துவிடலாம். அட்டை வந்தால் வங்கிக் கணக்கு தொடங்குவதும் எளிதாகிறது. மார்ச் பாதியில் தேர்வுக்குரிய வீடுகள் குறைவாக இருக்கலாம், ஆனால் உங்கள் பணத்துக்கு இந்த வரிசைதான் நல்லது.

வடபழனி வாசகர் எழுதியது:

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி முகவரியைப் பெற்றுப் பதிவேட்டு நகலை எடுத்து, கொரிய மொழி அறிந்த ஒரு நண்பரைக் கொண்டு படித்துப் பார்த்தேன். ஒரே உரிமையாளர், கட்டடம் முழுவதற்கும் ஒரே பதிவு. 2019இல் ஒரு வங்கிக்கு அடமானம் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் உச்ச உரிமைத் தொகை 48 கோடி வோன் என்று உள்ளது. கட்டடத்தின் மதிப்பு 150 கோடி வோன் இருக்கும், எட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன, கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார் தரகர். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

நக்சோங்தே குடியிருப்பாளர் எழுதியது:

பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள குடியிருப்புக் கட்டடங்களில் கணிசமானவை இந்த வகைதான். இதைத் 'தாகாகு' என்பார்கள். வீடு வீடாகத் தனிப் பதிவு இருப்பது 'தாசேதே'. தாசேதேயில் உங்கள் வீட்டின் மீதுள்ள சுமை மட்டும் உங்களைப் பாதிக்கும். தாகாகுவில் கட்டடம் முழுவதும் ஒரே சொத்து என்பதால், அது ஏலத்துக்குப் போனால் வங்கியும் எட்டுக் குடும்பங்களும் ஒரே தொகையிலிருந்து பங்கு பெற வேண்டியிருக்கும். மற்ற ஏழு குடும்பங்கள் கொடுத்துள்ள முன்பணம் பதிவேட்டில் தெரியாது. ஆனால் 2023 ஏப்ரலில் வந்த திருத்தத்தின்படி, ஒப்பந்தத்தின்போது அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களின் தேதி முத்திரை விவரங்களையும் தமது வரிச் சான்றிதழையும் உரிமையாளர் காட்ட வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். காட்ட மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

உச்ச உரிமைத் தொகை என்பது அந்த அடமானத்தின் பேரில் வங்கி அதிகபட்சமாகக் கோரக்கூடிய தொகை, பொதுவாகக் கடனில் 120 விழுக்காடு. எனவே கடன் 40 கோடி அளவில் இருக்கலாம். நாம் 48 கோடியையே கணக்கில் கொள்வோம்.

அடுத்ததாக, சிறு முன்பணக் குடியிருப்பாளருக்குச் சட்டம் தரும் முதல் உரிமையைப் பார்க்க வேண்டும். சியோலில் 2023 பிப்ரவரி முதல், 16.5 கோடி வோன் வரை முன்பணம் கொடுத்தவர் அதில் 5.5 கோடி வரை வங்கிக்கும் முன்பாகப் பெறலாம். இந்த எண்களை மட்டும் சொல்லி, 5 கோடி முன்பணமும் முழுப் பாதுகாப்போடு இருக்கிறது என்று உங்களை யாரேனும் சமாதானப்படுத்தக்கூடும். ஆனால் எந்த ஆண்டின் வரம்பு பொருந்தும் என்பதை முடிவு செய்வது அடமானம் பதிவான தேதி. நீங்கள் ஒப்பந்தம் செய்யும் தேதி அல்ல. 2019இல் சியோலுக்கு இருந்த வரம்பு, 11 கோடி வரையான முன்பணத்துக்கு 3.7 கோடி. அதாவது 2 கோடி கொடுத்தால் முழுத் தொகையும் இந்த முதல் உரிமைக்குள் அடங்கும். 5 கோடி கொடுத்தால் 1.3 கோடி வெளியே நிற்கும். அந்த 1.3 கோடிக்கு, வங்கிக்கும் உங்களுக்கு முன்பே தேதி முத்திரை பெற்ற குடும்பங்களுக்கும் பின்னால், வரிசையின் கடைசியில் காத்திருக்க வேண்டும். முதல் உரிமையாக வழங்கப்படும் மொத்தத் தொகை சொத்து மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற எல்லையும் உண்டு; எட்டுக் குடும்பங்களுக்கும் தலா 3.7 கோடி என்று வைத்தாலும் 29.6 கோடிதான் ஆகிறது, எனவே கட்டடம் 100 கோடிக்கு ஏலம் போனால்கூட அந்த எல்லை இங்கே இடிக்காது.

கூடுதலாக 3 கோடி கொடுப்பதால் உங்களுக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 18 லட்சம் வோன். ஊரில் கடன் வாங்கினால் அதற்கு நீங்கள் கட்டும் வட்டியே இதைவிடக் கூடுதலாக இருக்கும். அதோடு 1.3 கோடியையும் இடரில் வைக்க வேண்டுமா? இந்த வீட்டையே எடுப்பதானால் 2 கோடிக்கும் 8 லட்சத்துக்கும் எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கியோங்சான் ஆய்வாளர் எழுதியது:

பணக் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். குழந்தையோடு வரும் குடும்பத்துக்காகச் சில செய்திகளை நான் சேர்க்க விரும்புகிறேன்.

அந்தப் பல்கலைக்கழகம் குவானாக் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய இரண்டாம் தடச் சுரங்க ரயில் நிலையத்துக்கும் முதன்மை வாயிலுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு உண்டு, பேருந்தில்தான் போக வேண்டும். 2022 மே மாதம் தொடங்கிய சில்லிம் இலகு ரயிலில் வந்தால் குவானாக்சான் நிலையத்தில் இறங்கி வாயிலுக்கு நடந்தே போகலாம். நக்சோங்தே பக்கத்திலிருந்து வளாகத்துக்குச் சிற்றுந்து செல்கிறது. வரைபடத்தில் அருகில் தெரியும் வீடு செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் இருக்கக்கூடும். பனிக்காலத்தில் குழந்தையின் தள்ளுவண்டியோடு அந்த ஏற்றத்தில் போய்வர இயலுமா என்று பாருங்கள். தேஹாக் பகுதியில் வாடகை குறைவு என்று சிலர் பரிந்துரைப்பார்கள். நீதிபதி, வழக்கறிஞர் ஆவதற்கான அரசுத் தேர்வுக்குப் படித்தவர்களால் நிறைந்திருந்த இடம் அது. அந்தப் பழைய தேர்வு முறை 2017ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்த பின் அறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை ஒருவர் படுத்துப் படிப்பதற்காக அமைந்தவை, உங்கள் குடும்பத்துக்கு ஏற்றவை அல்ல.

பாதி நிலத்தடியில் அமைந்த 'பஞ்சிஹா' வீடுகளை எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். 2022 ஆகஸ்ட் மாதப் பெருமழையில் இதே குவானாக் வட்டாரத்தின் சில்லிம் பகுதியில் அத்தகைய ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற வழியின்றி இறந்துபோனார்கள். அதில் ஒருவர் பள்ளிச் சிறுமி. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து புதிதாக வரும் எவரிடமும் இதைச் சொல்லாமல் நான் இருந்ததில்லை.

வீட்டைப் பார்க்கும்போது வடக்குச் சுவரையும் அலமாரியின் பின்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் பூஞ்சை பிடித்த வீட்டுக்குப் புதிதாகச் சுவர்த்தாள் ஒட்டி வாடகைக்கு விடுவதுண்டு. தரையைச் சூடாக்கும் ஓண்டோல் பெரும்பாலும் எரிவாயுக் கொதிகலனால் இயங்குகிறது. கொதிகலன் எந்த ஆண்டில் பொருத்தப்பட்டது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 'குவால்லிபி' என்னும் பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீரும் இணையமும் அடங்குமா, எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் தனியே கட்ட வேண்டுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

சமையலறை தனிக் கதவோடு இருப்பது நமக்கு மிகவும் முக்கியம். தாளிப்பு வாசனையை முன்னிட்டு இந்தியக் குடும்பத்துக்கு வீடு தரத் தயங்கும் உரிமையாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். நல்ல காற்றுப்போக்கியும் பிரிந்த சமையலறையும் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. குழந்தையின் துணியில் வெங்காய மணம் தங்காமல் இருப்பதற்கும் அதுவே வழி.

இன்னொன்று. அலுவலகமாகவும் வீடாகவும் பயன்படும் ஒபிஸ்டெல் வகைக் குடியிருப்புகளைக் காட்டி, "முகவரிப் பதிவு மட்டும் செய்யாதீர்கள், வாடகையைக் குறைத்துத் தருகிறேன்" என்று சில உரிமையாளர்கள் கேட்பார்கள். அலுவலகப் பயன்பாடு என்று கணக்குக் காட்டி வரிச்சலுகை பெற்றவர்கள் அவர்கள். முகவரி மாறியதும் 15 நாளுக்குள் அறிவிப்பது வெளிநாட்டவர் என்ற முறையில் உங்கள் கடமை. அதைச் செய்யாவிட்டால் அபராதமும் வரும், முன்பணத்துக்கான பாதுகாப்பும் போகும். என்ன சலுகை தந்தாலும் இசையாதீர்கள்.

வடபழனி வாசகர் எழுதியது:

அம்மா, தங்கள் அக்கறைக்கு என் மனைவியும் நன்றி சொல்லச் சொன்னார். தனிச் சமையலறை இருக்கிறதா என்று தரகரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். என் பணி ஓராண்டுக்குத்தான் உறுதி. ஆனால் வாடகை ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்குத்தான் செய்வார்கள் என்கிறார்கள். அப்படியா? தரகுக் கட்டணம் எவ்வளவு கேட்கலாம்?

பூசான் ஆசிரியர் எழுதியது:

ஓராண்டுக்கே ஒப்பந்தம் செய்யுங்கள் ஐயா. இங்குள்ள சட்டம் குடியிருப்பவர் பக்கம் நிற்கும் இடம் இது. இரண்டு ஆண்டுக்குக் குறைவான ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டு ஒப்பந்தமாகவே சட்டம் கருதுகிறது, ஆனால் எழுதப்பட்ட குறைந்த காலமே செல்லும் என்று கோரும் உரிமை குடியிருப்பவருக்கு மட்டும் உண்டு. பணி நீடித்தால் அதே வாடகையில் இரண்டாம் ஆண்டும் இருக்கலாம். நீடிக்காவிட்டால் ஓராண்டில் விலகலாம். இரண்டு ஆண்டுக்கு எழுதிவிட்டு நடுவில் கிளம்பினால், அடுத்த குடியிருப்பாளரைத் தேடித் தந்து அதற்கான தரகையும் நீங்களே கட்டும்படி கேட்பது இங்கே வழக்கம்.

தரகுக்கு உச்ச வரம்பு உண்டு. மாத வாடகையை நூறால் பெருக்கி முன்பணத்தோடு கூட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்கு 8 லட்சத்தின் நூறு மடங்கு 8 கோடி, முன்பணம் 2 கோடி, ஆக 10 கோடி. அதற்கு வரம்பு 0.3 விழுக்காடு, அதாவது 3 லட்சம் வோன். மதிப்புக் கூட்டு வரி மட்டும் தனியாக வரலாம். இதற்கு மேல் கேட்டால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு மொழிகளில் பேசக்கூடிய தரகர்களைச் சியோல் மாநகராட்சியே தேர்ந்து அறிவித்திருக்கிறது, சியோல் குளோபல் சென்டரிலும் வாடகை தொடர்பான ஆலோசனை பெறலாம். கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தை அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வடபழனி வாசகர் எழுதியது:

கலந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். விருந்தினர் விடுதியை ஏற்றுக்கொண்டு துறைக்கு எழுதிவிட்டேன். பணம் அனுப்ப இயலாது, மார்ச்சில் நேரில் வந்து பார்க்கிறேன், அப்போது இந்த வீடு இருந்தால் 2 கோடி முன்பண ஏற்பாட்டில் பேசலாம் என்று தரகரிடமும் தெரிவித்துவிட்டேன். பணம் கொடுக்கும் நாளிலும் வீட்டைக் காலி செய்யும் நாளிலும் கவனிக்க வேண்டியவை இருந்தால் அருள்கூர்ந்து சொல்லுங்கள். குறிப்பாக, ஓராண்டு முடிந்து ஊர் திரும்ப வேண்டி வந்தால், முன்பணத்தைக் கையில் வாங்காமல் விமானம் ஏற நேருமோ என்ற கவலை இருக்கிறது.

நக்சோங்தே குடியிருப்பாளர் எழுதியது:

நல்ல முடிவு. ஒப்பந்த நாளில் எடுத்த பதிவேட்டு நகலை நம்பி இருந்துவிடாமல், மீதிப் பணம் கொடுக்கும் நாளின் காலையில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். முகவரிப் பதிவின் வலிமை மறுநாள் நள்ளிரவு பிறக்கும்போதுதான் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் அதே நாளில் புதிய அடமானம் பதிவானால் அது உங்களை முந்திவிடும். ஆகவே "மீதிப் பணம் பெற்ற நாளின் மறுநாள் வரை புதிய அடமானம் வைக்க மாட்டேன், மீறினால் ஒப்பந்தம் செல்லாது, முழுத் தொகையையும் திருப்பித் தருவேன்" என்ற சிறப்பு நிபந்தனையை எழுதி வாங்குங்கள். நேர்மையான உரிமையாளர்கள் இதை மறுப்பதில்லை. மாத வாடகை 3 லட்சம் வோனுக்கு மேல் இருப்பதால், 30 நாளுக்குள் வாடகை ஒப்பந்தத்தை அறிவிக்க வேண்டும் என்ற விதியும் உங்களுக்குப் பொருந்தும். ஒப்பந்தத்தை இணைத்து அறிவித்தால் தேதி முத்திரையும் கூடவே கிடைத்துவிடும், தனியே அலைய வேண்டாம்.

ஊர் திரும்புவதானால், ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே, முடிந்தால் இன்னும் முன்னதாக, உரிமையாளருக்குக் குறுஞ்செய்தியாக எழுத்தில் தெரிவியுங்கள். அவர் பதிலையும் சேமித்து வையுங்கள். புதியவர் வந்து அவர் கொடுக்கும் பணத்திலிருந்துதான் உங்களுக்குத் தருவேன் என்பது உரிமையாளர்கள் சொல்லும் வாடிக்கையான பதில். முடியும் நாளில் பணம் தருவது அவருடைய கடமை, ஆனால் நடைமுறையில் இழுத்தடிப்பு உண்டு. அதனால் பயணச்சீட்டை ஒப்பந்த முடிவுக்குச் சில வாரங்கள் தள்ளி எடுங்கள். பணம் வராத நிலையில் வீட்டைக் காலி செய்யவோ முகவரியை மாற்றவோ கூடாது, செய்தால் இதுவரை சொன்ன பாதுகாப்பு எல்லாம் அன்றோடு முடிந்துவிடும். கிளம்பியே ஆக வேண்டுமென்றால், ஒப்பந்தக் காலம் முடிந்த பின் வாடகை உரிமைப் பதிவு ஆணை கேட்டு நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அது பதிவேட்டில் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். அதன் பின் நீங்கள் சென்னையில் இருந்தாலும் உங்கள் வரிசை மாறாது. அந்த விண்ணப்பத்துக்குக் கொரிய வழக்கறிஞர் கட்டாயமில்லை. சட்ட உதவிக் கழகத்தின் 132 என்ற எண்ணில் வழி கேட்கலாம், துறையில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மார்ச்சில் வந்ததும் இங்கே எழுதுங்கள். நக்சோங்தேயிலிருந்து அந்த வீடு தொலைவில்லை; பார்க்கப் போகும் நாளில் நானும் உடன் வருகிறேன்.